பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்துக்காகச் சேர்ந்து வேலை செய்யப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களிலும் தமிழ்வழிப் பள்ளிகளில் வேலை செய்கிறவர்களுக்காக எழுதியது. ஆசிரியர், கவுன்சலர், செவிலியர், மருத்துவர், ஆஷா ஊழியர் (வீடு வீடாகப் போகும் உள்ளூர் சுகாதாரப் பணியாளர்) எல்லோரும் ஒரே பிள்ளைக்காகச் சேர்ந்து இயங்க எப்படிப் பயிற்சி தருவது என்பதுதான் விஷயம். பயிற்சியை நடத்தப்போகிறவர்களும் அதில் உட்காரப்போகிறவர்களும் வழக்கமாகக் கேட்பவை கீழே.

அவரவர் துறையில் ஏற்கெனவே பயிற்சி எடுத்தவர்கள்தானே? சேர்த்து உட்கார வைத்து மறுபடியும் எதற்கு?

பிள்ளைகள் நழுவிப்போவது பெரும்பாலும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடத்தில்தான். டீச்சர் கவனித்தார், கவுன்சலரிடம் சொன்னார். கவுன்சலர் பேசிப் பார்த்துவிட்டுத் தாலுகா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அம்மாவுக்கு வேலைநாளில் போக முடியவில்லை, சீட்டு அலமாரியில் கிடக்கிறது. மூன்று மாதம் கழித்து விசாரித்தால் எல்லோரும் தங்கள் வேலையைச் செய்திருப்பார்கள், பிள்ளைக்கு மட்டும் எதுவும் நடந்திருக்காது.

தனித்தனிப் பயிற்சி இந்த இடைவெளியைத் தொடுவதே இல்லை. டீச்சருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளை இன்னொரு முறை சொல்லிக்கொடுப்பதால், ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை மனநல கிளினிக் நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டி, வெவ்வேறு தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவர் சேர்ந்தும் கற்க வேண்டும் என்கிறது. மூன்றும் வேண்டும். ஒரே மண்டபத்தில் ஒரே சொற்பொழிவைக் கேட்டுவிட்டுக் கலைவது இதில் சேராது.

மனநலச் சிக்கல்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு டீச்சர்தான் பல நேரம் முதலில் பார்ப்பவர். மருத்துவர் கடைசியில்தான் பார்க்கிறார். இருவரும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை என்ற நிலை மாற வேண்டும்.

யார் யாரைக் கூப்பிட வேண்டும்?

ஒரு தடவைக்கு 24 பேர் போதும். ஆறு பேர் வீதம் நான்கு மேசை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு வகுப்பு டீச்சர், ஒரு தலைமையாசிரியர் (எச்.எம்.) அல்லது சீனியர் ஆசிரியர், பெண்கள்-குழந்தைகள் வளர்ச்சித் துறை நியமித்த பள்ளிக் கவுன்சலர், சுகாதார நிலையத்து இளநிலைப் பொதுசுகாதாரச் செவிலியர் (ஜே.பி.எச்.என்.), வட்டார வள மையத்தின் (பி.ஆர்.சி.) சிறப்பாசிரியர், ஆஷா ஊழியர். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருவராவது வந்து மேசை மேசையாக மாறி உட்கார வேண்டும். குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் அரை நாள் இருந்தால் போதும்.

ஒரே பகுதியில் வேலை செய்கிறவர்களையே ஒரு மேசையில் போடுங்கள். கொழிஞ்சாம்பாறை டீச்சரையும் மூணாறு செவிலியரையும் சேர்த்து உட்கார வைத்தால் நல்ல உரையாடல் நடக்கும், மறுநாள் இருவருக்கும் அதனால் பயன் இராது.

எத்தனை நாள் வேண்டும்?

அடுத்தடுத்து இரண்டு நாள், ஆறு வாரம் கழித்து மூன்றாம் நாள். அதன்பின் மாதம் ஒரு முறை ஒன்றரை மணி நேரக் கூட்டம். அந்த ஆறு வார இடைவெளிதான் பயிற்சியின் உயிர். அதற்குள் ஒவ்வொரு மேசையும் ஒரு பிள்ளையையாவது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஒழுங்காக ஒப்படைத்திருக்க வேண்டும், எங்கே தடைப்பட்டது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் நடத்தி முடித்தால் சான்றிதழ் மட்டும் மிஞ்சும்.

காலம்: ஜூன் கடைசியில் தொடங்கினால் மலைப்பகுதியில் மழையும் சாலை அடைப்பும் குறுக்கே வரும். இடுக்கியில் செப்டம்பர் நல்லது. பிப்ரவரி, மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. வேலை, யாரும் வரமாட்டார்கள்.

முதல் நாளில் என்ன செய்வது? உரை எவ்வளவு, செய்முறை எவ்வளவு?

உரை மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மீதி நேரம் முழுக்க மேசை வேலை. நாங்கள் முதலில் வைப்பது உறைப் பயிற்சி. கற்பனைப் பிள்ளை ஒன்று: எட்டாம் வகுப்பு, பெண், தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வீடு. ஆறு பேருக்கும் ஆறு மூடிய உறைகள். வகுப்பு டீச்சரின் உறையில்: திங்கள்கிழமைதோறும் வருவதில்லை, வந்தால் வகுப்பில் தூங்குகிறாள். எச்.எம். உறையில்: சென்ற மாதம் இரண்டு முறை மாணவிகளுக்குள் சண்டை, இவள் பெயர் இரண்டிலும் இருக்கிறது. செவிலியர் உறையில்: வயிற்றுவலி என்று மூன்று முறை வந்தாள், ஹீமோகுளோபின் 9.8. சிறப்பாசிரியர் உறையில்: வாசிப்பு இரண்டு வகுப்பு பின்தங்கியிருக்கிறது. ஆஷா உறையில்: அப்பா திருப்பூரில் வேலை, அம்மா விடியலில் கொழுந்து பறிக்கப் போகிறார், வீட்டில் ஒன்றரை வயதுத் தம்பி. கவுன்சலர் உறையில்: பிள்ளை தன்னிடம் சொன்ன இரண்டு விஷயங்கள், அதில் ஒன்றை 'யாரிடமும் சொல்லாதீங்க' என்று கேட்டுக்கொண்டது.

முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. அவரவர் உறையை மட்டும் படித்து 'என்ன பிரச்சினை, அடுத்து என்ன' என்று எழுத வேண்டும். ஆறு பேரும் ஆறு முடிவு எழுதுவார்கள்: சோம்பல், ஒழுக்கக் குறைவு, ரத்தசோகை, கற்றல் குறைபாடு, வீட்டுச் சுமை, மனச்சோர்வு. பிறகு முப்பது நிமிடம் பேச்சு. இதில் நடத்துபவர் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஆஷாவும் சிறப்பாசிரியரும் எத்தனையாவதாகப் பேசுகிறார்கள். மருத்துவர் அந்த மேசையில் இருந்தால் மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் மருத்துவர் எப்போதும் கடைசியில் பேச வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள். இரண்டாவது, கவுன்சலர் தன் உறையில் உள்ளதில் எவ்வளவு சொல்கிறார். முழுதையும் சொல்லிவிட்டாலும் தவறு, எதையுமே சொல்லாமல் 'ரகசியம்' என்று மூடிக்கொண்டாலும் தவறு. மாலையில் ரகசியம் பற்றிய பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

ஒவ்வொருவர் வேலையும் எதுவரை?

டீச்சரின் வேலை மாற்றத்தைக் கவனிப்பது, தேதியோடு எழுதுவது, பிள்ளையோடு உறவு கெடாமல் பார்ப்பது, வகுப்பில் சிறு மாற்றங்கள் செய்வது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மாற்றமே கவனிக்க வேண்டியது: வருகை, சாப்பாடு, கூட்டாளிகள், எழுத்து, தூக்கம், வெயிலிலும் முழுக்கைச் சட்டை. நோயின் பெயரைச் சொல்வது டீச்சரின் வேலை இல்லை. 'டிப்ரெஷன் போல' என்று பெற்றோரிடம் சொன்ன ஒரு வார்த்தை அந்த லயம் முழுக்கப் போய்விடும்.

கவுன்சலர் கேட்கிறார், ஆபத்தின் அளவை மதிப்பிடுகிறார், திட்டம் போடுகிறார், பெற்றோரிடம் பேசுகிறார். செவிலியரை மறந்துவிடுகிறார்கள், அவர் வேலைதான் முதலில் நடக்க வேண்டும். சோர்வும் எரிச்சலும் கவனமின்மையும் ரத்தசோகையாலும் வரும், பார்வை, செவித்திறன் குறைவாலும் வரும். 12 முதல் 14 வயதுவரை ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. வாரம் ஒன்று தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை உண்மையில் விழுங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுவிடும் பிள்ளைக்கு வலிப்பின் ஒரு வகை இருக்கலாம். அதை 'கனவு காண்கிறான்' என்று டீச்சரும் 'காத்து கருப்பு' என்று வீட்டிலும் சொல்லிக்கொண்டே இரண்டு வருடம் ஓடிவிடுகிறது.

சிறப்பாசிரியர் வாசிப்பு, எழுத்து, கணக்கைப் பார்க்கிறார். அறிவுத்திறன், கற்றல் குறைபாட்டுச் சோதனைகளை இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் உளவியலாளர் செய்வதே முறை. நோயறிதலும் மருந்தும் மனநல மருத்துவருடையவை. ஆஷா வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் துணை. எச்.எம்.-க்கு இரண்டே வேலை: இவர்களுக்கு நேரம் ஒதுக்குவது, சட்டப்படி செய்ய வேண்டியதைத் தாமதமின்றிச் செய்வது.

எல்லைகள் தெளிவில்லாத பள்ளியில் எல்லோரும் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து அறிவுரை சொல்வார்கள், ஆஸ்பத்திரிக்குப் போன் போட ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர், பெயரோடு. அவர்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்றில்லை. எது நின்றுபோனது என்று கேட்கும் பொறுப்பு அவருடையது.

ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைச் சீட்டு எப்படி எழுதுவது?

'நடத்தை சரியில்லை, கவனிக்கவும்' என்று வரும் சீட்டை வைத்து எந்த மருத்துவராலும் எதுவும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரிகளில் ஒரு நோயாளியை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்க நான்கு பகுதி முறை உண்டு: இப்போது என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடம் கேட்பது என்ன. அதையே பள்ளிக்கும் எடுத்துக்கொள்ளலாம். பத்து வரிக்குள் முடிய வேண்டும். ஒரு மாதிரி:

'13 வயது மாணவி. மூன்று வாரமாக வகுப்பில் அழுகை, மதிய உணவு சாப்பிடுவதில்லை, 15 வேலைநாளில் 7 நாள் வரவில்லை. ஜூலையில் பாட்டி இறந்தார், இவள் பாட்டியிடம் வளர்ந்தவள். ஹீமோகுளோபின் 11.9 (சற்றுக் குறைவு), பார்வை சரி. வலிப்பு இருந்ததில்லை. செத்துப்போகும் எண்ணம் உண்டா என்று கவுன்சலர் நேரடியாகக் கேட்டார், இல்லை என்றாள். துக்கம் மட்டுமா, மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும். பள்ளியில் நாங்கள் என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்று எழுதவும். வீட்டில் பேசும் மொழி தமிழ். அம்மா ஞாயிறும் வியாழன் மதியமும் வர முடியும். தொடர்புக்கு: பள்ளிக் கவுன்சலர்.'

கடைசி மூன்று வரிகள்தான் அதிகம் விடுபடுகின்றன, அவை இல்லாததால்தான் பாதிச் சீட்டுகள் வீணாகின்றன. பெரியவர் வர முடியாத நாளில் தேதி கொடுத்தால் அந்தத் தேதி எதற்கு?

சீட்டை உறையில் ஒட்டிப் பெற்றோரிடம் கொடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். எப்படியும் வழியில் பிரித்துப் பார்ப்பார்கள், பார்த்தால் அதிர்ச்சி வரக் கூடாது.

மருத்துவர் பள்ளிக்குத் திருப்பி என்ன எழுத வேண்டும்?

நோயின் பெயர் வேண்டியதில்லை. பள்ளி என்ன செய்ய வேண்டும், மருந்தால் வகுப்பில் என்ன தெரியலாம், எதைப் பார்த்தால் உடனே அழைக்க வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும். நான்கு வரி. மனச்சோர்வுக்கான மருந்து பலன் தரப் பல வாரம் ஆகலாம், திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதைப் பள்ளியும் அறிந்திருந்தால், 'மருந்து எடுத்தும் ஒன்றும் மாறலையே' என்று டீச்சர் அம்மாவிடம் சொல்லி, அம்மா நிறுத்திவிடும் வழக்கமான விபத்து தவிரும். பதில் சீட்டின் படிவத்தைப் பரிந்துரைச் சீட்டின் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிடுங்கள். தனித்தாள் திரும்பி வராது.

ரகசியத்தை எப்படிக் காப்பது? எல்லோரும் சேர்ந்து பேசினால் ரகசியம் எங்கே?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுபவரின் விவரங்களைக் காக்கும் உரிமையைப் பிரிவு 23-இல் தருகிறது. பள்ளியில் இதை நடைமுறையாக்க, ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது தெரியாவிட்டால் இவரால் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகுமா? கணக்கு டீச்சருக்கு, 'இவள் எழுந்து வெளியே போக வேண்டும் என்றால் அனுப்புங்கள், கேள்வி கேட்காதீர்கள்' என்பது போதும். வீட்டில் நடந்தது வேண்டாம்.

பிள்ளையிடம் முதல் சந்திப்பிலேயே எல்லையைச் சொல்லிவிட வேண்டும்: 'நீ சொல்றதை நான் எல்லார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா உன் உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னாலும், யாராவது உன்னைத் தப்பாத் தொட்டிருந்தாலும் நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுதான் செய்வேன்.' இந்த வாக்கியங்களைப் பயிற்சியில் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். படித்துத் தலையாட்டினால் போதாது. சொல்லிப் பார்க்கும்போதுதான் நாக்கு எங்கே தடுமாறுகிறது என்று தெரியும்.

தோட்டப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆஷா ஊழியர் அதே லயத்துக்காரர், பிள்ளைக்கு அத்தையாகவோ பெரியம்மாவாகவோ இருப்பார். சத்துணவுக் கூடத்து அக்கா அடுத்த வீடு. அதனால் ஆஷாவைச் சேர்க்கும் முன் பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த வார்டு ஆஷாவையோ ஜே.பி.எச்.என்.-ஐயோ போகச் சொல்லலாம்.

வாட்ஸாப் குழுவில் பிள்ளையின் பெயர், படம், சீட்டின் போட்டோ எதுவும் வரக் கூடாது. 'நாளை 3 மணிக்கு எட்டாம் வகுப்புக் கூட்டம்' என்பதற்கு மேல் அங்கே வேலையில்லை. பதிவேடு ஒன்றே ஒன்று, கவுன்சலரின் பூட்டிய அலமாரியில்.

பாலியல் கொடுமை என்று தெரிந்தால் குழு கூடி முடிவு செய்யலாமா?

கூடாது. போக்சோ சட்டம், 2012, பிரிவு 19-இன்படி அறிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்கோ சிறார் போலீஸ் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. 'முதலில் உண்மையா என்று விசாரிப்போம்' என்று பள்ளி தானே விசாரணை நடத்துவதுதான் பெரிய பிழை. பிள்ளை ஐந்து பேரிடம் ஐந்து முறை சொல்ல நேர்கிறது, சொல்லும் விதம் மாறுகிறது, வழக்கும் பலவீனமாகிறது. கேட்டவர் பிள்ளையின் சொற்களிலேயே எழுதி, தேதி, நேரம் போட்டு, அன்றே தெரிவிக்க வேண்டும்.

எல்லைப் பகுதிக்காக இரண்டு குறிப்புகள். சம்பவம் பொள்ளாச்சியில் நடந்திருந்தாலும் சித்தூர் ஸ்டேஷனில் சொல்லலாம், எந்த எல்லைக்குள் நடந்தது என்பதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. பிள்ளைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் எழுதப்பட்டால் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்று அதே பிரிவு 19 சொல்கிறது. தமிழ்ப் பிள்ளை சொன்னதை மலையாளத்தில் எழுதும் இடத்தில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு பிள்ளை செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று சொன்னால் யார் என்ன செய்வது?

இதை மட்டும் பயிற்சியில் இரண்டு முறை நடித்துப் பார்க்க வேண்டும், இரண்டாம் நாளும் ஆறு வாரம் கழித்தும்.

கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. 'ரொம்பக் கஷ்டமா இருக்கும்போது சில பேருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் எப்போதிலிருந்து, எப்படி என்று ஏதாவது யோசித்திருக்கிறாளா, இன்றைக்கா என்று கேட்க வேண்டும். 'அப்படியெல்லாம் பேசக் கூடாது, அம்மா என்ன பாடுபடும்' என்று தொடங்கினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அதோடு அந்தக் கதவு அடைந்துவிடும்.

அந்த நிமிடத்திலிருந்து பிள்ளை தனியாக இருக்கக் கூடாது, கழிவறைக்கும் துணை வேண்டும். கேட்ட டீச்சர் பிள்ளையோடேயே இருக்க, இன்னொருவர் கவுன்சலரையும் எச்.எம்.-ஐயும் கூப்பிடுகிறார். கவுன்சலர் பள்ளியில் இல்லாத நாள் என்றால் 14416 டெலி மானஸை (அரசின் மனநல உதவித் தொலைபேசி) அழைத்து, பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே பேசலாம். பெற்றோருக்கு அன்றே, நேரில் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் அடி விழும் வீடுகள் உண்டு. திட்டம் இருக்கிறது, இன்றே என்கிறாள் என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் நேரே ஆஸ்பத்திரி, ஒரு பெரியவரும் பள்ளியிலிருந்து ஒருவரும் கூட. மற்ற நிலைகளில் வீட்டுக்கு அனுப்பும் முன், தோட்டத்துப் பூச்சிமருந்து, வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாம் பூட்டப்பட்டதா, சாவி யாரிடம் என்று உறுதி செய்ய வேண்டும். ஆஷா அன்று மாலையே போய்ப் பார்ப்பது இதற்குத்தான்.

ஏற்கெனவே முயன்று பிழைத்த பிள்ளையென்றால், பெற்றோரின் முதல் பயம் போலீஸ் கேஸ். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 115, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லத் துணிவு வரும், சரியான சிகிச்சையும் கிடைக்கும்.

திரும்பிப் பள்ளிக்கு வரும் முதல் நாளுக்கு முன்பே பதினைந்து நிமிடம் கூடுங்கள்: மற்ற பிள்ளைகள் கேட்டால் அவள் என்ன சொல்ல விரும்புகிறாள், தவறவிட்ட பாடத்தை யார் தருவது, நெஞ்சு படபடத்தால் எங்கே போய் உட்காரலாம். முதல் மாதம் வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். நல்லாயிட்டாள் என்று எல்லோரும் மூச்சு விடும் அந்த வாரங்களில்தான் கவனம் அதிகம் தேவை.

கவுன்சலர் மலையாளி, பிள்ளை தமிழ். எப்படிச் சமாளிப்பது?

இரண்டு மொழியும் ஓரளவு எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் இங்கே இந்தப் பிரச்சினை கண்ணில் படுவதில்லை. கடையில் சாமான் வாங்கப் போதுமான மொழி, அழும் பிள்ளையிடம் பேசப் போதாது. அட்டப்பாடிப் பக்கத்து இருளர் பிள்ளைகளுக்குத் தமிழே வீட்டு மொழி இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மொழிபெயர்க்க அண்ணனையோ தங்கையையோ வகுப்புத் தோழியையோ ஒருபோதும் உட்கார வைக்காதீர்கள். டீச்சர் ஒருவர் செய்யலாம், ஆனால் பிள்ளையின் வகுப்பு டீச்சர் வேண்டாம். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே சொல்ல வேண்டும். 'மனசு ஒரு மாதிரியா இருக்கு', 'நெஞ்சை அடைக்குது', 'தலை பாரம்' போன்றவற்றை நோய்ப் பெயராக மாற்றித் தரக் கூடாது. கவுன்சலர் பிள்ளையைப் பார்த்துப் பேசுகிறார், மொழிபெயர்ப்பவரைப் பார்த்து அல்ல. மொழிபெயர்ப்பவர் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் உட்காருகிறார். ஒரே நேரத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கற்றல் குறைபாட்டுச் சோதனை பிள்ளை படிக்கும் மொழியில் நடந்ததா என்று கேளுங்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு மலையாளத்தில் வாசிப்புச் சோதனை வைத்தால் இல்லாத குறைபாடு இருப்பதாக வரும், இருக்கும் குறைபாடு மொழிப் பிரச்சினை என்று தள்ளப்படும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறிப்பிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. எஸ்.எஸ்.எல்.சி.யில் கூடுதல் நேரம், எழுதித்தர ஆள் போன்ற சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடினால் கிடைக்காது, எட்டிலேயே தொடங்குங்கள்.

பெற்றோர் பொள்ளாச்சிக்கோ தேனிக்கோ கூட்டிப்போகிறார்கள். தடுக்க வேண்டுமா?

வேண்டாம். குமுளியிலிருந்து கம்பம் இறங்குவதும், மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழி தேனிக்குப் போவதும், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, கோயம்புத்தூர் போவதும் பலருக்கு வழக்கம். மருத்துவரிடம் தமிழில் பேசலாம், சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம். சிகிச்சை நடந்தால் சரி. ஆனால் மாத்திரை தீர்ந்ததும் இங்கே உள்ளூரில் வேறு மாத்திரை எழுதி வாங்குவது நடக்கிறது. பிள்ளையிடம் ஒரு சிறு நோட்டு இருக்கட்டும்: மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, அடுத்த தேதி. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த நோட்டு கூடப் போக வேண்டும்.

வகுப்பு முழுவதற்கும் கேள்வித்தாள் கொடுத்துச் சோதித்துவிடலாமா?

பலம்-சிரமக் கேள்வித்தாள் என்று 25 கேள்விகள் கொண்ட ஒன்று தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. 11 வயதுக்கு மேல் பிள்ளையே நிரப்பலாம். பயனுள்ளதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை 200 தாள் வாங்கி, அதில் 30 பிள்ளைக்கு உதவி தேவை என்று வந்து, கவுன்சலர் ஒருவர் வாரம் ஆறு பேரைத்தான் பார்க்க முடியும் என்றால் மீதிப் பேருக்கு என்ன பதில்? பார்க்க ஆள் இருக்கும் அளவுக்கே கேளுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வகுப்பு. தாள்களை அன்றே படித்துவிட வேண்டும்.

பெற்றோர் ஒத்துக்கொள்வதில்லை. 'என் பிள்ளை பைத்தியமா' என்கிறார்கள்.

ஊளம்பாறை, குதிரவட்டம், கீழ்ப்பாக்கம் என்று இரு மாநிலத்து மனநல மருத்துவமனைகள் உள்ள ஊர்ப் பெயர்களையே வசவாகப் பேசிப் பழகிய சமூகம் நாம். அந்தப் பயம் நியாயமானது என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். தூக்கம், சாப்பாடு, படிப்பு என்று பெற்றோர் கண்ணால் பார்ப்பதிலிருந்து பேசுங்கள். முதல் பேச்சு மாலை ஐந்துக்கு மேலோ ஞாயிறோ நடக்கட்டும், பறிக்கிறவர்களுக்கு அரை நாள் கூலி போகக் கூடாது. அம்மாவை மட்டும் கூப்பிட்டுக் குற்றம் சுமத்துவது போல உட்கார வைக்காதீர்கள். திருப்பூரில் இருக்கும் அப்பாவோடு வீடியோ அழைப்பு போடலாம்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ மந்திரிக்கவோ போகிறார்கள் என்றால் சண்டை வேண்டாம். அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது, மருந்தை நிறுத்துவது இந்த நான்கும் கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

மாதக் கூட்டத்தில் என்ன பேச வேண்டும்?

ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம்: சென்ற முறை யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள், நடந்ததா, நடக்காவிட்டால் என்ன தடுத்தது, அடுத்து யார், எந்தத் தேதிக்குள். பிள்ளையின் குடும்பக் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினால் தலைமை தாங்குபவர் நிறுத்த வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் கூட்டத்தில் இருப்பவர்களுக்கு. மண்சரிவு, மாணவர் மரணம் போன்றவை நடந்த பள்ளியில் அந்த ஆசிரியர்களும் துக்கத்தில் இருப்பவர்கள்தான், அவர்களுக்கும் 14416 உண்டு.

பயிற்சி பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயிற்சி முடிந்த அன்று 'நன்றாக இருந்தது' என்று நிரப்பும் தாளை வைத்து ஒன்றும் தெரியாது. மூன்று எண்களை மட்டும் எடுங்கள்: எழுதிய பரிந்துரைகளில் எத்தனை பிள்ளைகள் உண்மையில் ஆஸ்பத்திரிப் படி ஏறினார்கள், டீச்சர் முதலில் கவனித்ததிலிருந்து அதற்கு எத்தனை நாள் ஆனது, எத்தனை பதில் சீட்டுகள் பள்ளிக்குத் திரும்பி வந்தன. பரிந்துரைகளின் எண்ணிக்கை கூடுவதை வெற்றி என்று காட்டாதீர்கள்.

சுவரில் என்ன எண்களை ஒட்டுவது?

டெலி மானஸ் 14416 (24 மணி நேரமும்), குழந்தைகள் உதவிக்கு 1098, சுகாதார உதவிக்குக் கேரளத்தில் திஷா 1056, தமிழ்நாட்டில் 104. அவசரத்துக்கு 112. மொழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பயிற்சி நாளிலேயே ஒருவர் 14416-க்கு அழைத்து மற்றவர்களுக்குக் காட்டட்டும். எண்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, எச்.எம். அறைக்கு வெளியே ஒட்டினால் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

பயிற்சி பெற்றவர்கள் ஜூனில் மாற்றலாகிப் போய்விடுகிறார்களே?

போவார்கள். ஆகவே ஒரு பள்ளியிலிருந்து எப்போதும் இரண்டு பேராவது வர வேண்டும், அதில் ஒருவர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும். மார்ச் கடைசி வாரத்தில் ஒரு ஒப்படைப்புக் கூட்டம்: நடப்பில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிய பொறுப்பாளர் பெயர், கோடை விடுமுறையில் யார் பார்ப்பது, மாத்திரை ஏப்ரல், மே மாதங்களுக்குப் போதுமா. முடிந்தால் பழைய பொறுப்பாளரே பிள்ளையைக் கூட்டிப்போய்ப் புதியவரிடம் அறிமுகப்படுத்த வேண்டும். மாற்றல் ஆணை வந்த பிறகு இதற்கு நேரம் இருக்காது, மார்ச்சிலேயே செய்துவிடுங்கள்.